பின்னணித் தரவு

"டார்ச் லைட்டுக்கு எதுக்குடா இன்டர்நெட்டு?"

மீட்டர் இதை முதல்ல சுவத்தைப் பாத்துக் கேட்டாரு. அப்புறம் ஜன்னலைப் பாத்துக் கேட்டாரு. ரெண்டும் வாயைத் திறக்கலைன்னதும், எதிர்க் கட்டில்ல கால் மேல கால் போட்டு மல்லாந்து கிடந்த மச்சினன் பக்கம் திரும்பினாரு.

"உன்னைத்தான் கேக்குறேன். பட்டனை அமுக்கினா எரியணும், திரும்ப அமுக்கினா அணையணும். அவ்வளவுதான் அதுக்கு வேலை. இதுல அது யாருகூட, என்னத்தைப் பேசுது?"

"அதுக்கும் சொந்தபந்தம் இருக்கும்ல மாமா." மச்சினன் அவன் போன்ல இருந்து கண்ணை எடுக்கவே இல்ல.

"கேலண்டரும் பேசுது. இன்னிக்கு என்ன கிழமைன்னு அது எவனைப் போய்க் கேக்குது? அலாரம் பேசுது. கீபோர்டு பேசுதுடா! நான் எழுதுறதை எடுத்துட்டுப் போய் யார்கிட்ட கோள் மூட்டுது?"

"உங்க எழுத்துப்பிழையைக் காட்டிச் சிரிக்குமா இருக்கும்."

மீட்டர்ங்கிறது பெத்தவங்க வச்ச பேரு இல்ல. அந்த ரூம்ல கூடத் தங்கியிருக்கிறவங்க வச்சது. ஆள் இல்லாத இடத்துல லைட்டு எரிஞ்சா அவருக்கு நெஞ்சு எரியும். குழாய் சொட்டினா சாப்பாட்டுத் தட்டை வச்சுட்டு எழுந்து போய்த் திருகிட்டு வருவாரு. அடுத்தவன் சோப்பு தண்ணியில ஊறிக் கிடந்தாக்கூட எடுத்து ஓரமா வச்சுட்டு, "கரையுதுல்ல" ன்னு ஒரு வார்த்தை சொல்லாம வர மாட்டாரு.

வெளிநாட்டுல அவங்க தங்கியிருந்த ரூம் ஒரு டயர் கடைக்கு மேல. எந்நேரமும் ரப்பர் வாடை. கட்டில் என்னவோ நாலு, ஆனா மத்த ரெண்டு பேருக்கும் வேற ஷிப்டுங்கிறதால அவங்க போர்வையைத்தான் பாக்கலாம், ஆளைப் பாக்குறது அபூர்வம். மீட்டரும் மச்சினனுந்தான் எப்பவும் எதிரும் புதிரும். மச்சினன்னா வேற யாரும் இல்ல, மீட்டர் பொண்டாட்டியோட கூடப்பிறந்த தம்பி. வண்டியில சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிற வேலை அவனுக்கு. மீட்டருக்கு வேலை ஒரு பெரிய சலவைக் கூடத்துல. ஓட்டல், ஆஸ்பத்திரின்னு ஊர்ப்பட்ட இடத்துல இருந்து வர்ற பெட்ஷீட்டையெல்லாம் துவைச்சு, உலத்தி, மடிச்சு அனுப்புற இடம்.

அன்னிக்கு அவருக்கு வயிறு எரிஞ்சதுக்குக் காரணம் டார்ச் லைட்டு இல்ல. ஒரு வீடு.

ஊர்ல அவரு பொண்டாட்டியும் பொண்ணும் இருக்கிறது அவரோட அண்ணன் வீட்டு மாடியில, ஒத்தை ரூம்ல. கொஞ்ச நாளைக்குன்னு போனவங்க, போனவங்கதான். அண்ணி கெட்டவங்கன்னு சொல்ல முடியாது. ஆனா கதவு கொஞ்சம் சத்தமா சாத்துச்சுன்னா, "கதவு யாரோடதுன்னு நினைச்சு இந்த அறை அறையறீங்க?" ன்னு கீழே இருந்து குரல் வரும். சமையல்கட்டுல பாத்திரம் உருண்டா ஒரு குரல். தண்ணி கொஞ்ச நேரம் கூட ஓடினா ஒரு குரல். பாப்பா இப்பல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கப் பழகிட்டா. இதைப் பொண்டாட்டி ஒரு தடவைதான் சொன்னா. சொன்னப்ப அழக்கூட இல்ல. அதுலதான் மீட்டர் ஆடிப்போனாரு.

அதனால வாடகைக்கு வீடு தேடினா அவ. தேடிப்பிடிச்சுப் போன்ல காட்டுவா. இவரு இங்க உக்காந்துக்கிட்டு அதுல நொட்டை சொல்வாரு. முதல் வீட்டுல பாத்ரூமுக்கு ஜன்னல் இல்ல. அடுத்ததுல மாடிப்படிக்குக் கைப்பிடி இல்ல. மூணாவது வீட்டுல எல்லாம் சரியா இருந்துச்சு, ஆனா பக்கத்து வீட்டு நாயோட பார்வை இவருக்குப் பிடிக்கல.

"நாயைக் கட்டிக்கிட்டா வாழப் போறோம்?" ன்னு கேட்டா அவ.

"எனக்கு என்னமோ மனசு ஒப்பலை."

நாலாவது வீடுதான் கொடுமை. வாசல், கூடம் வரைக்கும் பாத்தாரு. நல்ல வெளிச்சம். இவருக்கே பிடிச்சுப்போச்சு. "சமையல்கட்டைக் காட்டு" ன்னாரு. அவ திரும்பினா. அப்படியே நின்னுபோச்சு படம். அவளுக்கு வாய் பாதி திறந்து, ஒரு கண்ணு மூடி, பின்னாடி அரை ஜன்னல். நடுவுல ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. டேட்டா காலி. இவரு சட்டையை மாட்டிக்கிட்டுக் கடைக்கு ஓடி, ரீசார்ஜ் பண்ணித் திரும்பக் கூப்பிடுறதுக்குள்ள வேற யாரோ வந்து முடிச்சுட்டுப் போயிட்டாங்க.

"நல்ல வீடுங்க" ன்னா அவ. அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலாம்.

அன்னிக்குத்தான் மீட்டர் போனை நோண்டி, டேட்டாவை யாரு குடிச்சாங்கன்னு பாத்தாரு. பொண்டாட்டிகூடப் பேசினது கொஞ்சம். மிச்சத்தையெல்லாம் டார்ச் லைட்டும் கேலண்டரும் அலாரமும், எப்ப வந்துச்சுன்னே தெரியாத ஒரு பலூன் வெடிக்கிற விளையாட்டும் சேந்து முடிச்சிருந்துச்சுங்க. ஒரு சொட்டுத் தண்ணியை வீணாக்காத மனுஷனோட சட்டைப்பையிலயே இத்தனை குழாய் திறந்து கிடந்திருக்கு!

இப்ப அஞ்சாவதா ஒரு வீடு வந்திருக்கு. நாளைக்கு வீட்டுக்கார அம்மா சாவியோட வர்றாங்க. எந்நேரம்னு சொல்லலை, மதியத்துக்கு மேல எப்ப வேணா வரலாமாம். பேக்குல மிச்சம் இருக்கிற டேட்டா ஒரு வீட்டை முழுசா சுத்திப்பாக்கத்தான் சரியா இருக்கும். நாளைக்கு ராத்திரியோட பேக்கும் முடியுது.

"நான் கண்ணால பாக்காம சரின்னு சொல்லிடாத" ன்னு பொண்டாட்டிகிட்ட கண்டிசனா சொல்லி வச்சிருந்தாரு. "ஒரு வார்த்தை என்னைக் கேட்டுக்கோ. நான் இங்க எல்லா ஆப்பையும் பூட்டி, உனக்கு மட்டும் வழி விடப்போறேன்."

"கேக்குறேன். நீங்க இருங்க" ன்னா அவ.

அந்த 'நீங்க இருங்க' இவருக்குள்ள முள்ளு மாதிரி நின்னுடுச்சு.

"டேய், இந்த ஆப்பையெல்லாம் அடக்க ஒரு வழி சொல்லேன்."

"ஆப்புன்னு சொல்லாதீங்க மாமா. ஆப்."

"ரெண்டும் ஒண்ணுதான். நமக்கு வைக்கிறதுதானே."

மச்சினன் எழுந்து உக்காந்தான். "ஃபயர்வால்னு ஒண்ணு இருக்கு. எந்த ஆப் நெட்டுக்குப் போகலாம், எது போகக் கூடாதுன்னு நீங்க சொல்ற மாதிரி நடக்கும்."

"ஃபயர்னா நெருப்பு. வால்னா சுவரு. நெருப்புச் சுவரா? போன் சூடாயிடாது?"

"நீங்க சூடாகாம இருந்தா அது சூடாகாது."

இறக்கிக் குடுத்தான். திறந்தா, போன்ல இருக்கிற அத்தனை ஆப்போட பேரும் வரிசையா வந்து நின்னுச்சு. ஒவ்வொண்ணுக்கு எதிர்லயும் ஒரு சின்ன டவர் படம், பச்சையா. தொட்டா சிவப்பாகும். சிவப்பானா அதுக்குக் கதவு அடைப்பு. அவ்வளவு சுளுவு.

மீட்டர் முதல் ஆப்பைத் தொடப் போனாரு. திரை முழுக்க ஒரு செருப்பு விளம்பரம் வந்து குதிச்சுச்சு.

"இது என்னடா?"

"ஓசி ஆப் மாமா. விளம்பரம் வரத்தான் செய்யும்."

"காவலுக்கு வச்சவனே வாசல்ல கடை போட்டு உக்காந்திருக்கான்! இவனை யாருடா அடக்குறது?"

விளம்பரத்தை மூடுற பெருக்கல் குறி எள்ளு அளவு இருந்துச்சு. இவரு விரலோ பெட்ஷீட்டு தூக்கித் தூக்கிக் காய்ச்சுப்போன விரல். குறியைத் தொட்டா செருப்புக் கடையே திறந்துச்சு. திட்டிக்கிட்டே திரும்ப வந்தாரு. கீபோர்டைத் தொட்டா, "இது போனுக்கு முக்கியமான ஆப், நிச்சயமா?" ன்னு கேட்டுச்சு. "நிச்சயமாடா!" ன்னு போனைப் பாத்துக் கத்தினாரு. டார்ச் லைட்டு, சிவப்பு. கேலண்டர், சிவப்பு. போட்டோ வைக்கிற ஆப்பு, செய்தி ஆப்பு, பலூன் விளையாட்டு, எல்லாம் சிவப்பு. மிச்சத்துல பாதி ஆப்புக்குப் பேரே இவருக்குப் புரியலை. புரியாததெல்லாம் சந்தேகத்துக்கு இடமானதுன்னு முடிவு பண்ணி, கண்ணை மூடிக்கிட்டு சிவப்பாக்கினாரு.

வீடியோல பேசுற ஆப்பு ஒண்ணைத்தான் பச்சையா விட்டாரு. அத்தனை சிவப்புக்கு நடுவுல ஒத்தைப் பச்சை. அதைப் பாக்கவே மனசு நிறைஞ்சுது. அவளுக்குன்னு தனியா ஒரு ரோடு போட்டுக் குடுத்த மாதிரி.

அதோட விட்டிருக்கலாம். மச்சினன் துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போனான். மீட்டர், சும்மா இருக்காம, போனோட செட்டிங்ஸுக்குள்ள போய் அந்தப் பேசுற ஆப்போட பக்கத்தைத் திறந்தாரு. அவரு போன் தமிழ்லதான் இருக்கும். அங்க ஒரு வரி, அதுக்குப் பக்கத்துல ஒரு சுவிட்சு.

'பின்னணித் தரவு.'

மீட்டர் அதை எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. பின்னணி தெரியும். சினிமாவுல பின்னணி இசை, பின்னணி பாடுறவங்க. பின்னாடி இருந்து வர்ற சத்தம். தரவுன்னா? தர்றது. வரவுன்னா வர்றது, செலவுன்னா செல்றது, தரவுன்னா தர்றது. வேற என்னவா இருக்கும்? பின்னாடி சத்தத்தைத் தர்ற சுவிட்சு!

அவருக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. ஏன்னா சலவைக் கூடத்துல இருந்து பேசும்போதெல்லாம் பொண்டாட்டி முதல்ல கேக்குற கேள்வியே, "என்னங்க, மாவு மில்லுல நின்னு பேசுறீங்களா?" ங்கிறதுதான். பாதிப் பேச்சு "என்ன?", "கேக்கலை", "திரும்பச் சொல்லு" ன்னே போயிடும். இத்தனை நாளா அந்தச் சனியன் சத்தத்தைப் போனே தூக்கிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கு. சுவிட்சைத் தட்டி அணைச்சாரு.

மச்சினன் தலையைத் துவட்டிக்கிட்டே வந்ததும், "வெளிய நின்னு என் போனுக்கு வீடியோ கால் பண்ணு" ன்னாரு. பேசுற ஆப்பைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருந்தாரு. உடனே அடிச்சுது.

"சத்தம் ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலை மாமா. கண்ணாடி மாதிரி இருக்கு."

ரூம்ல ஒரு மெஷினும் இல்ல, அதான் சத்தம் இல்லைங்கிறது ரெண்டு பேருக்குமே தோணலை. மீட்டர் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டாரு.

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் வேலையா சூப்பர்வைசர் மேடம் முன்னாடி போய் நின்னாரு. வேலை நேரத்துல போனை லாக்கர்ல வைக்கணும்ங்கிறது அங்க சட்டம்.

"மேடம், இன்னிக்கு ஒரே ஒரு போன் வரும். ஊர்ல வீடு பாக்குறாங்க. நான் பாத்துச் சொல்லணும்."

"நீ பாக்காம அங்க சுவரு நிக்காதா?" அந்தம்மா பேசுறதே அப்படித்தான். அப்புறம் என்ன நினைச்சாங்களோ, "சரி. சட்டைப்பையில வச்சுக்கோ. வந்தா வண்டி நிக்கிற பெரிய கதவுகிட்ட போய்ப் பேசு. ஒரு போன்தான். சீரியல் ஓட்டிக்கிட்டு நிக்காத."

மதியத்துக்கு மேல மீட்டர் உடம்பு வேலையில இருந்துச்சு, உசுரு சட்டைப்பையில இருந்துச்சு. மெஷின்ல இருந்து ஈரத் துணியைத் தள்ளுவண்டியில இழுத்துப் போடுவாரு, உலத்துற மெஷினுக்குத் தள்ளிட்டுப் போவாரு. அந்தக் கூடத்துல தரையே அதிரும். அதிர்ற ஒவ்வொரு தடவையும் போன்தான் அடிக்குதுன்னு நினைச்சு, ஈரக் கையைத் தொடையில துடைச்சுட்டு எடுப்பாரு. ஒண்ணும் இருக்காது. திரும்ப வைப்பாரு. வச்ச உடனே அதிரும். திரும்ப எடுப்பாரு.

"என்னய்யா, நெஞ்சு வலியா? கை அங்கேயே போகுது" ன்னாங்க மேடம்.

"இல்ல மேடம். போன்."

"வந்துச்சா?"

"இன்னும் வரலை."

டீக்கு விட்டாங்க. பெரிய கதவுகிட்ட போய் நின்னு பாத்தாரு. டவர் முழுசா இருக்கு. டேட்டா முழுசா இருக்கு, ஒரு சொட்டுக்கூடக் குறையலை. அழைப்பு மட்டும் இல்ல. மீட்டருக்குக் கோவம் கிளம்புச்சு. இந்நேரம் அந்தம்மா சாவியோட வந்திருக்கும். இவ என்ன பண்ணிக்கிட்டு இருக்கா? நான் இங்க கெஞ்சிக் கூத்தாடி போனைப் பையில வச்சுக்கிட்டு, மெஷினுக்கும் கதவுக்கும் நடுவுல நாக்குத் தள்ளிக் கிடக்கேன். ஒரு போன் போட்டா கை என்ன தேஞ்சா போயிடும்? வரட்டும், எடுத்த உடனே குடுக்கிற குடுப்புல...

சாதா போன்ல கூப்பிட அவ நம்பர்ல வெளிநாட்டு வசதி கிடையாது. அந்த ஆப்பை விட்டா வேற வழி இல்ல. ஆப்பைத் திறந்து பாக்கலாமான்னு விரல் போச்சு. வேண்டாம். திறந்தா வந்து கிடக்கிற படம், பாட்டு, காலை வணக்கமெல்லாம் இறங்கி டேட்டாவைக் குடிச்சிடும். அவ கூப்பிடுறப்ப வேணும். விரலை இழுத்துக்கிட்டாரு. அதுவும் போக, கூப்பிடுறேன்னு சொன்னது அவதானே? அவதான் கூப்பிடணும்.

திரும்பிப் போய் வண்டியைத் தள்ளினாரு. துணியை இழுத்த இழுப்புல ஒரு பெட்ஷீட்டு டர்ருனு கிழிஞ்சுது.

மேடம் வந்து கிழிசலைப் பாத்தாங்க, இவரு மூஞ்சியைப் பாத்தாங்க. "ஏன்ய்யா, நீயே ஒரு போன் போட்டுப் பாரேன். கௌரவம் குறைஞ்சிடுமா? எனக்குத் துணி மிஞ்சும்."

அந்தச் சத்தத்துக்கு நடுவுலயே ஒரு ஓரமா நின்னு ஆப்பைத் திறந்தாரு.

ஒரு நொடி ஒண்ணும் இல்ல. அப்புறம் மடை திறந்த மாதிரி வந்து விழுந்துச்சு. டிங், டிங், டிங்னு நிக்கவே இல்ல. எடுக்காத அழைப்பு, எடுக்காத அழைப்பு, எடுக்காத அழைப்பு. சிவப்பு சிவப்பா. நடுநடுவுல அவ குரல் பதிஞ்சு அனுப்பினது. காதுல ஒட்டி வச்சுக்கிட்டுக் கேட்டாரு.

"ஏங்க, வந்துட்டாங்க. எடுங்க" ன்னு சிரிச்சுக்கிட்டே ஒண்ணு.

"வீடியோ எடுத்து அனுப்பியிருக்கேன், பாத்துட்டுச் சொல்லுங்க. அவசரம்" ன்னு ஒண்ணு.

அடுத்ததுல குரல் தணிஞ்சிருந்துச்சு. "ஏங்க, இன்னொரு குடும்பம் பாக்க வந்திருக்கு. எடுங்களேன்... எடுங்களேன்ங்க."

கடைசியில ஒண்ணு, எந்த ஏத்த இறக்கமும் இல்லாம. "சரின்னு சொல்லிட்டேன்."

மீட்டர் கதவுகிட்ட ஓடினாரு. கூப்பிட்டாரு. ரொம்ப நேரம் அடிச்சு, எடுத்தா. சுத்தி மூட்டையும் முடிச்சுமா இருந்துச்சு, அண்ணன் வீட்டு மாடி ரூம்.

"என்ன, மாவு மில்லா?" ன்னா.

இவருக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. "சத்தம் கேக்குதா உனக்கு?"

"கேக்காம என்ன? காது கிழியுது."

"பின்னணியை அடைச்சேனே..."

"எதை அடைச்சீங்க?"

"அதை விடு. நான்தான் அவ்வளவு சொல்லியிருந்தேன்ல? என்னைக் கேக்காம எப்படி சரின்னு சொன்ன?"

"கேட்டேனே. எத்தனை தடவை கேட்டேன்னு உங்க போனே சொல்லும், எண்ணிக்கங்க. எண்ணுறது உங்களுக்குப் பிடிக்கும்ல."

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"பொறுத்தேன்ங்க. அந்தம்மா சாவியை ஆட்டிக்கிட்டே நிக்கிறாங்க. நான் குழாயைத் திறந்து பாக்குற மாதிரி, சுவத்தைத் தட்டிப் பாக்குற மாதிரி நடிச்சுக்கிட்டே உங்களுக்கு அடிக்கிறேன். அப்புறம் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அடிச்சேன். ஜன்னல் இருக்கான்னு கேப்பீங்களே, இருக்கு. அதுக்குக் கீழ நின்னுதான் அடிச்சேன்."

மீட்டரோட கோவம் எங்கயாவது போய் முட்டணுமே. "போன் அடிக்கவே இல்லைடி! உன் ஒருத்திக்காகத்தான்..."

"தம்பிக்குப் போட்டேன். அவன் சிக்னல்ல வண்டியை நிறுத்திக்கிட்டுப் பாத்தான். நல்லா இருக்குக்கா, பிடிச்சா பிடின்னான்."

"அவன் பாத்தானா? நான் பாக்காத வீட்டை அவன் பாத்தானா? அவன் யாரு சொல்றதுக்கு?"

"போனை எடுத்தவன்."

பின்னாடி உலத்துற மெஷின் ஒண்ணு நின்னுச்சு, இன்னொண்ணு ஆரம்பிச்சுது.

"எல்லாத்தையும் பூட்டப் போறேன், பூட்டப் போறேன்னீங்க" ன்னா அவ. "அந்த லிஸ்டுல என்னையும் சேத்துப் பூட்டிட்டீங்களா?"

"உன்னை ஒருத்தியைத்தான் பச்சையா விட்டேன்!" மீட்டர் கத்தின கத்துல வண்டிக்காரங்க திரும்பிப் பாத்தாங்க. "சத்தியமா. மத்த எல்லாம் சிவப்பு. உன்னை மட்டுந்தான்..."

அவளுக்கு அது என்ன பச்சை, என்ன சிவப்புன்னு விளங்கலை. விளக்கம் கேக்கவும் இல்ல. "பாப்பா அந்தக் காலி வீடு முழுக்க ஓடினா" ன்னா. "வாயைப் பொத்திக்காம சிரிச்சா. அதுக்குத்தான் திரும்பத் திரும்ப அடிச்சேன். அதைப் பாத்துட்டு நீங்க நொட்டை சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"இப்பக் காட்டு. பாப்பாவைக் கூப்பிடு. டேட்டா முழுசா இருக்கு..."

"தூங்கிட்டா. நான் இன்னும் சாமான் கட்டணும், அண்ணிகிட்ட வேற சொல்லணும். வைக்கவா?"

கேள்வியாத்தான் கேட்டா. பதிலுக்கு நிக்கலை.

சாயங்காலம் ரூமுக்கு வந்தா மச்சினன் செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தான்.

"நீ யாருடா வீட்டுக்கு சரி சொல்றதுக்கு?"

"சிக்னல்ல பச்சை விழுறதுக்குள்ள சொல்லுன்னு அக்கா கேட்டா மாமா. பின்னாடி இருந்த லாரிக்காரன் ஹார்ன் அடிச்சே கொன்னான். சரின்னேன். நீங்க எடுத்திருந்தா என்னை ஏன் கூப்பிடப் போறா?"

"போன் அடிக்கலைடா! நீ போட்டுக் குடுத்த அந்த நெருப்புச் சுவருதான் காரணம். எனக்கே ஆப்பு வச்சுட்டல்ல?"

"குடுங்க இப்படி." மச்சினன் போனை வாங்கி ஃபயர்வாலைப் பாத்தான். பச்சை பச்சையாத்தான் இருந்துச்சு. நெத்தியைச் சுருக்கிக்கிட்டு செட்டிங்ஸுக்குள்ள போனான். "மாமா, பின்னணித் தரவை யாரு அணைச்சது?"

"நான்தான். மெஷின் சத்தம் கேக்கக் கூடாதுன்னு."

"மெஷின் சத்தத்துக்கும் இதுக்கும்..." மச்சினன் அந்த வரியைத் திரும்பப் படிச்சான். மாமா மூஞ்சியைப் பாத்தான். விளங்கிடுச்சு அவனுக்கு. விழுந்து விழுந்து சிரிச்சான். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "பின்னணி இசையா மாமா? ஐயோ, பின்னணி பாடுறவங்களையெல்லாம் அணைச்சுட்டீங்களே!"

"தரவுன்னா என்னடா?"

"டேட்டா."

"டேட்டான்னா டேட்டான்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதானே! நான் என்ன புலவனா?"

"பின்னணித் தரவுன்னா, நீங்க பாக்காதப்பவும் அது பாட்டுக்கு வேலை பாக்குறது மாமா. அக்கா கூப்பிட்டா தானா எழுந்து மணி அடிக்கிறது. நீங்க அதை அணைச்சு, நான் திறந்து பாத்தாத்தான் நீ வேலை செய்யணும்னு சொல்லி வச்சிருக்கீங்க. நேத்து ஆப்பைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க, அதான் அடிச்சுது."

சொல்லிக்கிட்டே வந்தவனுக்கு, மாமா கட்டில் விளிம்புல உக்காந்திருந்த விதத்தைப் பாத்ததும் சிரிப்பு நின்னுபோச்சு. சுவிட்சைப் போட்டு, போனை மெத்தை மேல சத்தமில்லாம வச்சான். துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போற மாதிரி போனான்.

மீட்டர் அவ அனுப்பின வீடியோவைப் போட்டுப் பாத்தாரு. வாசல். கூடம். பாத்ரூம், ஜன்னலோட. படிக்குக் கைப்பிடி. சமையல்கட்டு. அலமாரி ரொம்ப உசரத்துல இருந்துச்சு. அவளுக்கு எட்டாது. எப்படியும் எட்டாது. கை தானா எழுத ஆரம்பிச்சுது. 'அந்த அலமாரி உசரம், நீ என்ன பண்ணுவ' ன்னு எழுதினாரு. படிச்சுப் பாத்தாரு. ஒவ்வொரு எழுத்தா அழிச்சாரு. வீடியோல கடைசியா எங்கயோ தூரத்துல பாப்பா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. ஆளு படத்துல இல்ல. சத்தம் மட்டுந்தான், பின்னாடி.

'சரி' ன்னு எழுதி அனுப்பினாரு.

பக்கத்துல ஒத்தை டிக்கு விழுந்துச்சு. ரெண்டாவது விழலை, அவகிட்ட போய்ச் சேரலை. அவ போனை அணைச்சிருக்கலாம். இல்ல நெட்டை அணைச்சிருக்கலாம். இவருக்கு மட்டும் வழியை அடைச்சிருக்கவும் செய்யலாம். பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒத்தைதான்.

மச்சினன் குளிச்சுட்டு வந்து, நின்னு, இழுத்தான். "மாமா, டேட்டா எவ்வளவு மிச்சம்?"

"முக்கால்வாசி அப்படியேதான் இருக்கு. எவ கூப்பிட்டா, செலவழியுறதுக்கு?"

"பேக்கு இன்னிக்கோட போயிடும்ல. வீணாப் போறதுக்கு... ஹாட்ஸ்பாட்டுப் போட்டீங்கன்னா..."

ஒரே ரூம்ல இத்தனை காலம் இருந்தும் மீட்டர் யாருக்கும் போடாத ஒண்ணு அது. மச்சினன் கேட்டுட்டு அவனே ரெண்டு அடி பின்னால நகந்தான். மீட்டர் சுவிட்சைப் போட்டாரு.

"பாஸ்வேர்டு மாமா?"

"தரமாட்டேன்."

"போட்டதுக்கு அப்புறம் தரமாட்டேன்னா எப்படி?"

"அதாண்டா பாஸ்வேர்டு. தரமாட்டேன். இங்கிலீஷ் எழுத்துல அடி."

மச்சினன் சிரிப்பை உதட்டுக்குள்ள கடிச்சுக்கிட்டு அடிச்சான். அவன் கட்டில்ல இருந்து ஏதோ காமெடி ஓடுற சத்தம் கிளம்புச்சு. ஜன்னல் வழியா ரப்பர் வாடை வந்துச்சு. மீட்டர் ஒத்தை டிக்கை இன்னொரு தடவை பாத்துட்டு, ஃபயர்வாலைத் திறந்தாரு. செருப்பு விளம்பரம் வந்துச்சு. அது முடியுற வரைக்கும் பாத்தாரு. அப்புறம் சிவப்பா இருந்ததையெல்லாம் ஒண்ணொண்ணா தொட்டுப் பச்சையாக்கினாரு. கேலண்டரு. அலாரம். கீபோர்டு. பேரு புரியாததுங்க எல்லாம். கடைசியா டார்ச் லைட்டுகிட்ட வந்து விரல் நின்னுச்சு.

"போ" ன்னாரு அதுகிட்ட. "நீயாவது போய் யார்கிட்டயாவது பேசு."